கால் நிற்கும்... கை பேசும்! - கே.கே. நகரிலிருந்து புதுச்சேரி பெத்தாங் திடல் வரை

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரண்டு மூன்று நாட்கள் மட்டும் கே.கே. நகர் பேருந்து நிலையத்துக்கு ஒரு வெளியூர் களை வந்துவிடுவது வழக்கமாக இருந்தது. மற்ற நாளெல்லாம் 17டி-க்கும் 12ஜி-க்கும் காத்திருக்கும் அதே இடத்தில் டிராலி பெட்டிகள், கட்டைப் பைகள், தூக்கக் கலக்கத்தில் தோளில் சாய்ந்த குழந்தைகள். நெரிசலைக் குறைப்பதற்காக, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் போகும் பஸ்களைப் பண்டிகைக் காலங்களில் இங்கிருந்து விடுவது பல வருடம் பழக்கமாக இருந்தது.

இதில் புதுச்சேரி பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. “பாண்டிக்கா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்போதே ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அந்தச் சிரிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணத்துக்காகவும் கே.கே. நகர்வாசி புதுச்சேரிக்கு ஒருமுறை போய்வரலாம். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் ‘ஃபார்ம்’க்கு வருவது எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக.

கே.கே. நகர் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கிய பகுதி. அதனால் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் ஓடும். சாலைப் பெயர்களைக் கவனித்தால் ஒரு பழைய சென்னை மாகாணமே தெரியும். சில மாதங்கள் மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.டி. ராஜன் ஒரு சாலை, சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஒரு சாலை. அந்த மனைகளில் எழுபது, எண்பதுகளில் இளம் அரசு ஊழியர்களாகவும் வங்கி குமாஸ்தாக்களாகவும் குடிவந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். தனி வீடு அபார்ட்மென்ட் ஆகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். டாக்டர் சொல்வது ஒரே ஒரு வார்த்தை: “நடங்க.”

நடக்கிறார்கள். சிவன் பூங்காவில் விடிவதற்கு முன்பே நடைபாதை நிரம்பிவிடுகிறது. கையில் கட்டிய கடிகாரம் எத்தனை அடி என்று எண்ணுகிறது. உடம்புக்கு நல்லதுதான், மறுக்க முடியாது. ஆனால் நடைப்பயிற்சியில் யாரும் ஃபார்முக்கு வருவதில்லை. “இந்த வாரம் என்னமா நடக்கிறார்!” என்று யாரும் யாரையும் பார்த்து வியப்பதில்லை. நேற்று விட்டதை இன்று பிடிக்க ஒன்றுமில்லை, ஜெயிக்க ஆள் இல்லை, தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பவும் எதுவுமில்லை. முப்பது வயதோடு கிரிக்கெட் மட்டையைப் பரணில் போட்டவருக்கு, அதற்குப் பிறகு எதிலாவது ‘கை வருவது’ என்பது ஏறக்குறைய முடிந்துபோன கதை.

அது முடிய வேண்டியதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 2. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. லான் பௌல்ஸ் என்ற விளையாட்டில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17–10 என்று வென்று தங்கம் வாங்கியது. அன்று காலை வரை அந்த விளையாட்டின் பெயரைக்கூட நம்மில் பலர் கேட்டதில்லை. வெட்டிச் சமப்படுத்திய புல்தரையில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து. அதற்கு மிக அருகில் போய் நிற்கும்படி பெரிய பந்துகளை உருட்ட வேண்டும். பந்தின் ஒரு பக்கம் கொஞ்சம் வேறு வளைவில் செய்யப்பட்டிருப்பதால் நேராக உருட்டினாலும் கடைசியில் வளைந்துதான் போகும். அந்த வளைவைக் கணிப்பதில் இருக்கிறது வித்தை.

லவ்லி சௌபே ஜார்க்கண்ட் போலீஸ். நயன்மோனி சைகியா அசாம் வனத்துறை. பிங்கி டெல்லியில் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. ரூபா ராணி திர்க்கி ஜார்க்கண்டில் விளையாட்டு அதிகாரி. எல்லோரும் முப்பது, நாற்பதுகளில் இருந்தவர்கள். லவ்லி தடகளத்திலிருந்தும், ரூபா ராணி கபடியிலிருந்தும், பிங்கி கிரிக்கெட்டிலிருந்தும் வந்தவர்கள். நயன்மோனி பளு தூக்கிக்கொண்டிருந்தவர், காலில் அடிபட்ட பிறகு இந்தப் பக்கம் திரும்பியவர்.

அந்தத் தொடரில் அவர்கள் முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் தோற்றார்கள். பிறகுதான் கை வந்தது. அரையிறுதியில் எதிரே நியூசிலாந்து, இந்த விளையாட்டில் பெரிய கை. ஆரம்பத்திலேயே 0–5 என்று பின்தங்கியும் 16–13 என்று வென்றார்கள். இறுதியாட்டத்தில் நல்ல முன்னிலையிலிருந்து நழுவி, தென்னாப்பிரிக்கா முந்தி, மறுபடி பிடித்து, கடைசிச் சுற்றுகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். காமன்வெல்த் லான் பௌல்ஸில் இந்தியாவின் முதல் பதக்கமே அதுதான்.

சரி, கே.கே. நகரில் இதை ஆடலாமே? அங்கேதான் இடிக்கிறது. லான் பௌல்ஸ் திடல் 31 முதல் 40 மீட்டர் வரை நீளம் வேண்டும். புல் கம்பளம்போல் இருக்க வேண்டும், மேடு பள்ளம் கூடாது, தினமும் பராமரிப்பு. கொல்கத்தாவின் பழைய கிளப்புகளிலும், தேசிய விளையாட்டுப் போட்டி நடந்த ராஞ்சியிலும் அது சாத்தியம். சென்னையின் வெயிலையும், நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் கே.கே. நகர் தெருக்களையும் பார்த்தால் அந்தப் புல்லுக்கே அழுகை வந்துவிடும்.

புல் கேட்காத ஒரு சொந்தக்காரன் இந்த விளையாட்டுக்கு உண்டு. அதைப் பார்க்கத்தான் 150 கிலோமீட்டர் பயணம். திருவான்மியூரில் நின்று பஸ் ஏறிக்கொள்ளலாம். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டி, மரக்காணத்தில் உப்பளங்கள் வெயிலில் கண் கூசும் இடம் வரும்போது முக்கால்வாசி தூரம் முடிந்திருக்கும்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர் வீடுகளும் எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடங்கள். சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு வெயில் இறங்கியதும், அந்தக் கூட்டத்தை விட்டு மரநிழல் மணல் திடல்கள் பக்கம் வந்தால் ஒரு சத்தம் கேட்கும். ‘ணங்!’ எஃகோடு எஃகு மோதும் சத்தம். அதுதான் பெத்தாங்.

ஆட்டம் சுலபம். தரையில் ஒரு சின்ன வட்டம் போட்டு அதற்குள் நிற்க வேண்டும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மரப் பந்தை 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்குள் வீசிப்போடுவார்கள். பிரெஞ்சில் அதற்குக் கொஷொனே என்று பெயர். பன்றிக்குட்டி என்று அர்த்தம். அந்தக் குட்டிக்கு அருகில் தன் எஃகுக் குண்டைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். குண்டு 650 முதல் 800 கிராம் எடை, உள்ளங்கை நிறையும் அளவு. யார் குண்டு பக்கத்தில் இருக்கிறதோ அவர் சும்மா நிற்பார், எதிரணி வீசிக்கொண்டே இருக்கும், அதைவிடப் பக்கத்தில் போகும்வரை அல்லது கையிலுள்ள குண்டுகள் தீரும்வரை. சுற்று முடிந்ததும், எதிரணியின் மிக நெருங்கிய குண்டைவிட அருகில் எத்தனை குண்டு இருக்கிறதோ அத்தனை பாயின்ட். முதலில் 13 எடுப்பவர் வென்றவர்.

13–0 என்று ஒருவர் தோற்றால் பிரான்சில் ‘ஃபனி’ என்பார்கள். தோற்றவர் அதற்குச் செய்ய வேண்டிய காரியத்தைக் குடும்பப் பத்திரிகையில் விவரமாக எழுத முடியாது. நம்மூர் கோலியில் தோற்றவன் முட்டியால் கோலியைத் தள்ளிக்கொண்டு போனது எவ்வளவோ கௌரவம்!

இந்த ஆட்டம் பிறந்த கதை அழகானது. பிரான்சின் தெற்கே, மார்சேய் பக்கத்தில் லா சியோத்தா என்று ஒரு கடலோர ஊர். (லூமியேர் சகோதரர்கள் நிலையத்துக்குள் ரயில் வருவதைப் படம்பிடித்து உலகத்தை மிரட்டியது இதே ஊரில்தான். வடபழனிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பிடிக்கும்.) அங்கே ஏற்கெனவே ஒரு குண்டு விளையாட்டு இருந்தது. ஓடிவந்து வீச வேண்டும், தூரமும் அதிகம். அதில் நல்ல ஆட்டக்காரர் ஜூல் லெநுவார் என்று அழைக்கப்பட்டவர். அவருக்கு வாதநோய் வந்து மூட்டுகள் பிடித்துக்கொண்டன. ஓட முடியவில்லை. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சகிக்காத நண்பர் ஏர்னஸ்த் பிதியோ ஒரு யோசனை சொன்னார். தூரத்தைக் குறைப்போம். ஓட வேண்டாம், வட்டத்துக்குள் கால் ஊன்றி நின்றே வீசுவோம். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. அந்தப் பகுதி மொழியில் ‘ஊன்றிய கால்கள்’ என்பதிலிருந்துதான் பெத்தாங் என்ற பெயர் வந்தது.

ஒரு வயதான நண்பர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக விதியை மாற்றிய விளையாட்டு உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்?

பிரெஞ்சுக்காரர்கள் போன இடமெல்லாம் குண்டும் போனது. மடகாஸ்கர் 1999-லும் 2016-லும் உலகக் கோப்பையையே எடுத்தது. புதுச்சேரி 1954 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது, சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-ல். ஆட்சி போனாலும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர்களை இங்கே ‘சொல்தா’ என்பார்கள். பென்ஷன் பிரான்சிலிருந்து வரும், சாப்பாட்டில் சாம்பார் இருக்கும், சாயங்காலம் பெத்தாங் இருக்கும். ஜூலை 14-ல் கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்துக்கு மார்பில் பதக்கம் குத்திக்கொண்டு வரும் பெரியவர்களை வருடா வருடம் பத்திரிகைப் படங்களில் பார்க்கலாம். எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வருகிறது.

திடலில் பாதி வார்த்தை தமிழ், பாதி பிரெஞ்சு. அணைத்துப் போடுபவர் புவாந்தேர். எதிராளியின் குண்டை அடித்துத் தூக்குபவர் தீரேர். அடித்த வேகத்தில் எதிராளியின் குண்டு பறந்துபோக, அடித்த குண்டு அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் காரோ. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதம் தூங்காதவர்கள் உண்டு.

கே.கே. நகரிலிருந்து போன ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 67, வங்கியில் ஓய்வு. சின்ன வயதில் தெருக் கோலியில் சூரர். மகள் வீடு புதுச்சேரியில், மாதத்தில் பாதி நாள் அங்கேதான். “நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்க சார்” என்று யாரோ குண்டைக் கையில் கொடுக்கிறார்கள். எல்லோரையும் போலவே முதலில் அவர் பார்ப்பது அந்த மரக் குட்டியை. பார்த்துக்கொண்டே வீசுகிறார். குண்டு அதைத் தாண்டி இரண்டு மீட்டர் ஓடி ஒரு வேப்ப மரத்தடியில் போய் நிற்கிறது.

பழகியவர்கள் குட்டியைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுவார்கள். அவர்கள் பார்ப்பது குண்டு முதலில் விழப்போகும் இடத்தை. ஒரு உள்ளங்கை அகலம்தான். அங்கே சரளையா, மண்ணா, வேரா, போன மழையின் பள்ளமா, குண்டு விழுந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று படிப்பார்கள். பிறகு உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி குண்டைப் பிடித்து, கை பின்னால் போய் முன்னால் வரும்போது விரல்களைத் திறந்துவிடுவார்கள். குண்டு பின்சுழற்சியோடு போகும். விழுந்ததும் ஓடாமல் தயங்கும். லான் பௌல்ஸில் புல்தரை எல்லோருக்கும் ஒரே மாதிரி. பெத்தாங்கில் தரையே ஒரு எதிராளி.

இரண்டு மாதம் இப்படித் தோற்றுக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு புதன்கிழமை, காரணமே தெரியாமல், முதல் குண்டு குட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கும். இரண்டாவது அதைவிடக் கிட்டே. “சார், இன்னிக்குக் கை பேசுதே!” என்பார்கள். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரம் அணி பிரிக்கும்போது அவரை முதலில் கூப்பிடுவார்கள். கூட ஆடும் தீரேருக்குத் தைரியம் வந்துவிடும். இவர் எப்படியும் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடுவார் என்று தெரிந்தால், அவர் பயமில்லாமல் அடிக்கலாம். ஒருவரின் ஃபார்ம் இன்னொருவருக்குத் தொற்றுவது அணி ஆட்டத்தில்தான் நடக்கும்.

அந்த நாட்களில் என்ன வித்தியாசம் என்று ஆட்டக்காரர்களிடம் கேட்டால் பதில் ஏமாற்றமாக இருக்கும். “ஒண்ணும் யோசிக்கலை” என்பார்கள். விழ வேண்டிய இடம் தெளிவாகத் தெரிகிறது, கை போகிறது, அவ்வளவுதான். யோசிக்க ஆரம்பித்த அன்று முழங்கை மடங்கும், குண்டு குட்டையாக விழும்.

ஃபார்ம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1985-ல் கிலோவிச், வல்லோன், ட்வெர்ஸ்கி என்ற மூவர் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டங்களின் கணக்கை ஆராய்ந்து, ‘கை சூடாக இருக்கிறது’ என்பது நம் மனப்பிரமை, தற்செயலில்கூட நாம் தொடர்ச்சியைப் பார்க்கிறோம் என்றார்கள். முப்பது வருடம் அதுவே வேதவாக்காக இருந்தது. 2018-ல் மில்லர், சன்ஹூர்ஹோ என்ற இருவர் அந்தக் கணக்கு முறையிலேயே ஒரு நுணுக்கமான பிழை இருக்கிறது, சரிசெய்து பார்த்தால் ஃபார்ம் இருப்பதாகவே தெரிகிறது என்று காட்டினார்கள். திடலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இதைக் கேட்டால், இதற்கு முப்பது வருடமா என்பார்கள்.

அது போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மூன்று வாரம், ஒரு மாதம். மழை வந்து தரை மாறும், அல்லது முழங்கால் வலி வரும், அல்லது ஒன்றுமே வராமல் கை மட்டும் மறந்துவிடும். இருபது வயதில் ஃபார்ம் போனால் திரும்ப வரும் என்ற நம்பிக்கை இருக்கும். அறுபத்தேழில், உடம்பில் எது போனாலும் போனதுதான் என்று பழகிவிட்டவருக்கு, போன ஒன்று திரும்பி வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தத் திடலில்தான் பார்க்க முடியும். குனிய முடியாதவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு கயிற்றின் முனையில் காந்தம். நின்றபடியே கயிற்றை இறக்கினால் எஃகுக் குண்டு ஒட்டிக்கொண்டு மேலே வரும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சங்க வளாகத்துக்குள் ஆடினால் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை. வீசுபவருக்கு எதிரிலோ, குட்டிக்குப் பின்னாலோ நிற்கக் கூடாது. அளக்கும் நேரத்தில் பேசலாம், எல்லோரும் பேசுவார்கள். இரண்டு குண்டுக்கும் நடுவே மில்லிமீட்டர் சண்டை வரும்போது டேப் எடுத்துக் குந்தி அளப்பதும், அதற்கும் ஒத்துக்கொள்ளாமல் நாலு பேர் சேர்ந்து குனிந்து பார்ப்பதும் ஆட்டத்தைவிட ரசமான காட்சி. இருட்டினால் செல்போன் டார்ச் அடிப்பார்கள்.

இனி அந்தக் கணக்கு. ஒரு பெத்தாங் தடத்துக்குப் போட்டி அளவே 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம்தான். சும்மா ஆடுவதற்கு அதைவிடக் குறைவும் போதும். புல் வேண்டாம், சிமென்ட் வேண்டாம், மேலே கூரை வேண்டாம். கொஞ்சம் சரளை, நாலு பக்கம் மரச்சட்டம், பக்கத்தில் ஒரு பெஞ்ச். மழைத் தண்ணீர் வடிந்த மறுநாளே ஆடலாம். கே.கே. நகர், அசோக் நகர் பூங்காக்களில் நடைபாதைக்கும் இறகுப்பந்துக்கும் குழந்தைகள் சறுக்குமரத்துக்கும் இடம் இருக்கிறது. நான்கு கார்கள் நிறுத்தும் அளவு இடம் தாத்தா பாட்டிகளுக்கு ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. பாட்டிகளையும் சேர்த்துத்தான். 650 கிராம் குண்டு, தண்ணீர்க் குடம் தூக்கிய கைக்கு ஒன்றுமே இல்லை. பர்மிங்காமில் தங்கம் வாங்கியதும் பெண்கள்தான்.

நாம் நினைத்துக்கொண்ட அந்த 67 வயதுக்காரர் ஊர் திரும்புகிறார். மகள் வாங்கித் தந்த மூன்று குண்டுகள் துணிப்பையில், மொத்தம் இரண்டு கிலோவுக்கு மேல். மரக்காணத்தில் உப்பளம் மேல் வெயில் சாய்கிறது. திருவான்மியூரில் இறங்கி டவுன் பஸ் மாறுகிறார். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பைக்குள் ‘ணங்’ என்கிறது. பக்கத்து சீட்டுப் பையன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்கிறான்.

“என்ன தாத்தா அது?”